டிரிகரை விட்ட பிறகு நடப்பது

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எங்கள் சித்தப்பாவின் ரீவைண்டிங் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. கோவை கணபதிப் பக்கம் கடை. வருடம் முழுக்க போர் மோட்டாரும் கிரைண்டரும்தான் பிழைப்பு. அந்த ஒரு வாரம் மட்டும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர்கள் வந்து வாசல் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். பொங்கலுக்குக் காம்பவுண்ட் சுவரைக் கழுவிவிட்டு மூலையில் போட்டதை, வண்டிக்குப் பொட்டு வைப்பதற்கு முன் ஒருமுறை அடித்துவிடலாம் என்று எடுத்திருப்பார்கள். புகார் பெரும்பாலும் இரண்டே வகை. "மோட்டார் ஓடுதுங்ணா, பிரஷர்தான் வரமாட்டீங்குது." இல்லையென்றால், "சுவிட்ச் போட்டா உர்ர்னு சத்தம் மட்டும் வருதுங்."

லீவு நாட்களில் அங்கே போய் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு. கழற்றிப் போட்ட பம்புகளைப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சுவரையோ காரையோ கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த மெஷின்களுக்குப் பெரிதாக எதுவும் ஆவதில்லை. சுவிட்ச் போடும் அந்த நொடியிலும், நடுவில், கையில் பிடித்து அடிக்கும் கன்னைக் கீழே வைத்துவிட்டு ஃபோன் பேசும் நேரத்திலும், வேலை முடிந்து சுருட்டி வைத்த பிறகான மாதங்களிலும்தான் அவை கெட்டுப்போகின்றன. "எப்படிக் கழுவணும்னு எல்லாரும் யூடியூப்ல பாக்கறாங்க கண்ணு, எப்படி நிறுத்தணும்னு ஒருத்தரும் பாக்கறதில்ல" என்பார் சித்தப்பா.

உள்ளே இருக்கும் சங்கதி சிக்கலானது இல்லை. மோட்டார் சுற்றும்போது ஒரு சாய்ந்த தட்டு மூன்று சின்னப் பிஸ்டன்களை மாறி மாறி அமுக்கும். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தண்ணீர் உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு, சுற்றிலும் ரப்பர் சீல். பம்ப்தான் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீரை அளந்து தள்ளுவது மட்டும்தான். நிமிடத்துக்கு ஏழு லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துளை வழியாக வெளியே அனுப்பியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் பிறப்பதுதான் அந்த 100 பார் அழுத்தம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அளவு புரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் துளையைத் தாண்டும் நீரின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் வருகிறது. காலில் ஒட்டிய சேற்றைக் கழுவ இதைத் திருப்பிப் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடிய தண்ணீர் அது. பார்ப்பதற்குச் சின்னக் கீறலாகத்தான் தெரியும், ஆனால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம். சரி, மெஷினுக்கு வருவோம்.

முதலில் சுவிட்ச். ஹோஸை மாட்டியதும் சுவிட்சைத் தட்டுவதுதான் பலருக்கும் பழக்கம். அப்போது ஹோஸுக்குள்ளும் பம்புக்குள்ளும் இருப்பது காற்று. போர் மோட்டாரில் ஏர் பிடிப்பது என்று சொல்வோமே, அதேதான் இங்கேயும். ரப்பர் சீலுக்கு உராய்வு தெரியாமல் பார்த்துக்கொள்வதும், சூடு ஏறாமல் காப்பதும் தண்ணீர்தான். அது இல்லாமல் பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் போனால் சீலின் உதடு தேய்ந்துவிடும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சுவிட்ச் போடாமலே கன்னின் டிரிகரை அழுத்திப் பிடியுங்கள். முதலில் புஸ் புஸ் என்று துப்பும். அப்புறம் தண்ணீர் ஒரே சீராக ஒழுக ஆரம்பிக்கும். அதன் பிறகு சுவிட்ச். அரை நிமிட வேலை. டிரிகரை அழுத்தியபடியே ஆன் செய்தால் இன்னொரு லாபமும் உண்டு: மோட்டார் சுமை இல்லாமல் கிளம்பும்.

அடுத்தது, வருகிற தண்ணீர் போதுமா என்பது. வீட்டு மாடல்கள் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் குடிக்கும். கொஞ்சம் கூடுதலாகவே வர வேண்டும் என்பதால் பத்து லிட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. மெஷினில் மாட்டப்போகும் அதே ஹோஸின் முனையை 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் சரி. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பதுதான் கணக்கு. ஒரு மாடி வீட்டில் முக்கால் பார் கிடைத்தாலே அதிகம். அதில் முப்பது மீட்டர் மெல்லிய ஹோஸைப் போட்டு, நடுவில் ஸ்கூட்டர் டயர் வேறு ஏறி நின்றால் என்ன வரும்? பம்ப் கேட்கும் அளவு கிடைக்காதபோது உள்ளே அழுத்தம் இறங்கி நீராவிக் குமிழிகள் உண்டாகும். அடுத்த நொடியே அவை அமுங்கி வெடிக்கும். வெளியே கேட்பது கரகரவென்ற சத்தமும், விட்டுவிட்டு அடிக்கும் நீரும்தான். உள்ளே அந்த வெடிப்புகள் வால்வையும் பம்ப் தலையின் உலோகத்தையும் பொடிப்பொடியாக அரித்துக்கொண்டிருக்கும். அப்படி அரித்த பம்ப் தலையில் குண்டூசியால் குத்தினதுபோல் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

டிரம்மிலிருந்து உறிஞ்ச வைப்பவர்களுக்கும் இதேதான். டிரம்மை மெஷினை விட உயரத்தில் வையுங்கள். பல வீட்டு மாடல்களின் கையேட்டில் அரை மீட்டர் உயரத்துக்கு மேல் உறிஞ்சச் சொல்லாதே என்றுதான் இருக்கும். தரைத்தொட்டிக்குள் ஹோஸை விட்டுவிட்டு மேலே மெஷினை ஓட்டினால் அந்த அளவு எப்போதோ தாண்டிவிட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் சாதாரண ஹோஸும் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். உள்ளே கம்பிச் சுருள் வைத்த சக்ஷன் ஹோஸும் முனையில் ஃபில்டரும் வேண்டும்.

தண்ணீரின் சூட்டைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. வீட்டு மாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே வரும் நீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஜெர்மனியிலோ இத்தாலியிலோ கையேடு எழுதியவருக்கு அது சும்மா ஒரு வரி. அவர் ஊர்க் குழாயில் அந்தச் சூட்டில் தண்ணீர் வரவே வராது. சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு நம் மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியின் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். மெஷின் ஓடத் தொடங்கும் முன்பே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்கு முன் கழுவுங்கள். உங்களுக்கும் நல்லது.

இனி டிரிகர். இதில்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் ஒரு மெஷினுக்குச் சொல்லும் அறிவுரை இன்னொன்றைக் கொன்றுவிடும். டிரிகரை விட்டதும் உங்கள் மெஷினின் சத்தம் நின்றுவிடுகிறதா, தொடர்ந்து ஓடுகிறதா? முதலில் இதைக் கவனியுங்கள்.

தொடர்ந்து ஓடினால் அது பைபாஸ் வகை. வாட்டர் சர்வீஸ் கடைகளில் இருக்கும் பெரிய மெஷின்களும், பெட்ரோல் இன்ஜின் வைத்தவையும் பெரும்பாலும் இப்படித்தான். வெளியே போக வழியில்லாத தண்ணீரை அன்லோடர் வால்வு பம்பின் உள்பக்கத்துக்கே திருப்பிவிடும். அதே கொஞ்சம் தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். மோட்டார் கொடுக்கும் சக்தியெல்லாம் அதைச் சூடாக்குவதற்கே போகும். ஒரு கணக்கு: பம்புக்குள் சுற்றுவது கால் லிட்டர் தண்ணீர், அதில் சூடாக மாறுவது வெறும் 500 வாட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரி ஏற இரண்டு வினாடி. 32 டிகிரியில் தொடங்கினால் 60 டிகிரியைத் தொட ஒரு நிமிடம். பம்பின் உலோகம் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், சில மாடல்களில் சுற்று நீளமாக இருக்கும், அதனால் இரண்டு மூன்று நிமிடம் என்று நீளலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச அந்த நேரம் போதாது. சூடேறினால் சீல் இறுகிப்போய் வெடிப்பு விடும். பிறகு குளிர்ந்த நீர் வந்தாலும் பழைய நெகிழ்வு திரும்பாது.

இந்தச் சூட்டுக்குக் காவலாகப் பல பம்புகளில் அடியில் ஒரு சின்ன வால்வு வைத்திருப்பார்கள். 60 டிகிரிப் பக்கம் போனதும் அது திறந்து சூடான நீரைக் கொஞ்சம் கீழே ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரை உள்ளே விடும். ஒருவர் அந்த ஒழுக்கை லீக் என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துக் கொண்டுவந்திருந்தார். நல்ல வேலைப்பாடு, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பம்ப் உள்ளே வெந்து போயிருந்தது. சித்தப்பா அதைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எம்-சீல் மட்டும் நல்லா இருக்குதுங்க" என்றார்.

ஆகவே இந்த வகையில், இரண்டு நிமிடத்துக்கு மேல் கன்னை விடப்போகிறீர்கள் என்றால் மெஷினை நிறுத்திவிடுங்கள். நிறுத்த மனம் வரவில்லையென்றால் அவ்வப்போது டிரிகரை அழுத்தி சூட்டுத் தண்ணீரை வெளியேற்றியாவது விடுங்கள்.

டிரிகரை விட்டதும் சத்தமே நின்றுவிட்டால் அது ஆட்டோ ஸ்டாப். வீட்டுக்கு வாங்கும் சின்ன மின்சார மாடல்கள் பெரும்பாலும் இதுதான். அழுத்தம் ஏறியதும் ஒரு மைக்ரோ சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். மேலே சொன்ன சூட்டுப் பிரச்சினை இதற்கு இல்லை. ஆனால் இதற்கு வேறு எமன். தட்டித் தட்டி அடிப்பது. கிரில் கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே ஒரு அடி, விடு, ஒரு அடி, விடு என்று போனால், ஒவ்வொரு அடிக்கும் மோட்டார் புதிதாகக் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது அது இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. அந்தக் கரண்ட்டைத் தாங்குவது நகம் அளவுள்ள ஒரு காண்டாக்ட். அது பொறி பறந்து பறந்து கரிந்துவிடும். சில சமயம் ஒட்டிக்கொள்ளும், அப்போது டிரிகரை விட்டாலும் மோட்டார் நிற்காது. இந்த வகையில் அழுத்தினால் அழுத்தியபடி ஒரு பகுதியை முடித்துவிட்டுத்தான் விட வேண்டும்.

பைபாஸ்காரருக்கு "அடிக்கடி அழுத்து" என்பது மருந்து, ஆட்டோ ஸ்டாப்காரருக்கு அதுவே விஷம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் முக்கால்வாசி இதைப் பிரித்துச் சொல்வதில்லை.

ஆட்டோ ஸ்டாப்பில் இன்னொரு அறிகுறியையும் கவனிக்க வேண்டும். கன்னைத் தொடாமல் வைத்திருக்கும்போதே சில வினாடிக்கு ஒருமுறை மோட்டார் டக்கென்று கிளம்பி நின்றால், எங்கோ அழுத்தம் கசிகிறது என்று பொருள். கன்னுக்கும் ஹோஸுக்கும் நடுவே ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் போயிருக்கலாம், வெளியே போகும் வால்வில் மண் சிக்கியிருக்கலாம். ஓ-ரிங் என்றால் அன்றைக்கே மாற்றிவிடலாம், காசும் பெரிதில்லை. இப்படியே ஒரு மாதம் ஓட்டினால் சுவிட்ச் போய், பிறகு மோட்டாரும் போகும்.

மோட்டார் என்றதும் கரண்ட். "உர்ர்னு சத்தம் மட்டும்" கேஸ்கள் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகின்றன. கேட்டுக்கு வெளியே கார் நிற்கும், பிளக் ஹாலில் இருக்கும். டிவிக்கும் செல்ஃபோன் சார்ஜருக்கும் வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நடுவில் போடுவார்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் முப்பது மீட்டர் நீட்டினால், போக வர அறுபது மீட்டர், தடை ஒரு ஓம் வந்துவிடுகிறது. ஓடும்போது 8 ஆம்பியர் என்றால் 8 வோல்ட்தான் நஷ்டம், பரவாயில்லை. கிளம்பும்போது 40 ஆம்பியர் இழுத்தால்? 40 வோல்ட் வயரிலேயே போய்விடும். சாயங்கால நேரம், தெருவில் ஏற்கெனவே 200 வோல்ட்தான் வருகிறது என்றால் மோட்டாருக்கு மிஞ்சுவது 160. அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற முடியாமல் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டே மோட்டாரின் கம்பிச் சுருள் கருகும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 15 ஆம்ப்ஸ் பிளக், இரண்டும் இல்லாமல் இந்த மெஷினை நீட்ட வேண்டாம். வயர் சுற்றிய டிரம்மை முழுக்க அவிழ்த்துவிட வேண்டும், சுருளாக விட்டால் உள்சுற்று சூடேறி உருகும். என்னைக் கேட்டால், கரண்ட் வயரை நீட்டுவதற்குப் பதில் கன்னுக்குப் போகும் பிரஷர் ஹோஸை நீளமாக வாங்கிக்கொள்வேன். அழுத்தம் கொஞ்சம் குறையும், மோட்டார் பிழைக்கும், ஈரத் தரையில் ஜாயிண்ட் கிடக்கிற ஆபத்தும் இல்லை. கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத லைனில் இதை ஓட்டவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

எடை குறைந்த, சத்தம் அதிகமான மாடல் என்றால் உள்ளே இருப்பது மிக்ஸியில் இருக்கும் அதே கார்பன் பிரஷ் மோட்டார். மிக்ஸியை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்ட மாட்டோம் இல்லையா? இதற்கும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். தூக்க முடியாத கனமும் குறைந்த சத்தமும் இருந்தால் இண்டக்ஷன் மோட்டார், நாள் முழுக்க உழைக்கக் கூடியது. ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் சுடுநீர் உயர் அழுத்தக் கழுவு இயந்திரத்தைச் செய்தது 1950-ல். வீட்டு உபயோகத்துக்கென்று கையில் எடுத்துப்போகும் மாடலை அது கொண்டுவந்தது 1984-ல். நடுவில் இருந்த முப்பது சொச்சம் வருடமும் இந்த மெஷின் தொழிலாளி கையில் இருந்த கருவி. எடையையும் விலையையும் குறைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தபோது அந்தத் தாங்கு சக்தியும் சேர்ந்து குறைந்தது. வாட்டர் சர்வீஸ் கடைக்காரர் காலையிலிருந்து ராத்திரி வரை அடிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டு மெஷினிடம் அதையே எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சோப்பு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோப்பு பம்பைத் தாண்டிய பிறகு கலக்க வேண்டிய பொருள். கன்னில் மாட்டும் ஃபோம் பாட்டில் அதற்காகத்தான். உறிஞ்சும் வாளியிலேயே ஷாம்பூவைக் கலப்பது, பாசி போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரைக் கரைப்பது, டைல்ஸ் ஆசிட்டை ஊற்றுவது எல்லாம் பம்பின் வயிற்றுக்குள் நேராகப் போகும். ஆசிட் அலுமினியத்தைத் தின்னும். மண்ணெண்ணெயோ டீசலோ பட்டால் சில ரப்பர் வளையங்கள் ஊறிப் பெருத்துவிடும்.

அடுத்து, கன்னின் நுனியில் தண்ணீர் வெளியேறும் துளை, அதாவது நாசிலைப் பற்றி. அடைத்தால் மெல்லிய ஊசியால் குத்தி எடுக்கலாம், முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக. ஆனால் கையில் கிடைத்த ஆணியை விட்டுத் திருகினால் துளை அகன்றுவிடும். விட்டம் வெறும் 5 சதவீதம் கூடினால் அழுத்தம் 18 சதவீதம் விழும் என்கிறது கணக்கு. "பழைய மாதிரி அடிக்கலைங்" என்று வரும் மெஷின்களில் சில பம்பைத் தொடவே தேவையில்லாதவை, புது நாசில் போட்டதும் துள்ளும். அதைச் சொல்லாமல் பம்ப் சர்வீஸ் என்று பில் போடும் கடைகளும் இல்லாமல் இல்லை. முதலில் நாசிலை மாற்றிப் பாருங்கள். தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். தண்ணீர் குறைவாக வருகிறது என்று அந்தச் சல்லடையையே பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு, அதன் பிறகு மணல் நேரே வால்வுக்குள்தான்.

கடைசியாக, வேலை முடிந்த பிறகு. சிறுவாணித் தண்ணீரில் கார் கழுவுகிறவரைக் கோவையில் ஊரே மன்னிக்காது, ஆகையால் கழுவுவது போர் தண்ணீரில்தான். அந்த உப்பு நீர் பம்புக்குள் நின்று, மாதக்கணக்கில் காய்ந்து, வால்வில் வெள்ளையாகப் பூத்துவிடும். வால்வு மூடாது, அல்லது திறக்காது. சீல் பிஸ்டனோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த ஆயுத பூஜைக்கு சுவிட்ச் போட்டதும் கிழியும். முடித்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரை உறிஞ்ச வைத்து ஓட்டுங்கள். சுவிட்சை அணைத்து, குழாயை மூடி, அப்புறம் டிரிகரை அழுத்தி உள்ளே பிடித்துவைத்த அழுத்தத்தை வெளியேற்றுங்கள். பலர் மறப்பது இந்தக் கடைசி அழுத்தலைத்தான். அதை விட்டுவிட்டால் சீலும் ஹோஸும் மாதக்கணக்கில் விறைத்தபடியே இருக்கும், அடுத்த முறை மோட்டாரும் சுமையோடு கிளம்பும். பிறகு ஹோஸைக் கழற்றி மெஷினைச் சாய்த்து நீரை வடியுங்கள். ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் மார்கழி, தை உறைபனியில் வெளியே போட்டுவைத்தால் மிச்ச நீர் உறைந்து பம்ப் தலையையே பிளக்கும், அவர்களுக்கு இது இரட்டிப்புக் கட்டாயம். நீண்ட நாள் வைப்பதானால் மாதம் ஒருமுறை எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டுவது எந்த மருந்தையும் விட நல்லது.

பெல்ட் போட்ட பெரிய பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஆயில் கண்ணாடியைப் பாருங்கள். எண்ணெய் பால் நிறமாகத் திரிந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, அந்த நிலையில் ஓட்டினால் பேரிங் போய்விடும். மாமரத்துக்கு மருந்தடிக்க வாங்கிய ஹெச்டிபி ஸ்ப்ரேயரிலேயே டிராக்டரையும் கழுவுகிறவர்கள், அதன் மேலிருக்கும் மூன்று கிரீஸ் கப்புகளைத் திருகிவிட மறக்க வேண்டாம்.

பழுது பார்ப்பதா, புதிதே வாங்கிவிடுவதா என்று கேட்டால், பம்ப் தலை பித்தளையாகவோ அலுமினியமாகவோ இருந்து சீல் கிட்டும் கிடைத்தால் பழுது பாருங்கள். பிளாஸ்டிக் தலையில் விரிசல் விட்டிருந்தால் பசை போடுவது வீண். புதிது வாங்கும்போது கடையில் பார் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், இதற்குச் சீல் கிட்டும் மைக்ரோ சுவிட்சும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். "அது மொத்தமா பம்ப் செட்டாத்தானுங்க மாத்தோணும்" என்று பதில் வந்தால், மெஷினை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடையில் கேளுங்கள்.